ட்ரவுட் பழக்கிவிட்ட நடை: புல்லுமலை, மகா ஓயா ஓடைக் கரைகளில்

வெள்ளி, புல்லுமலை

மட்டக்களப்பில் ட்ரவுட் மீன் கிடையாது, இருக்கவும் வழியில்லை. அது குளிர் தண்ணீர் மீன். தண்ணீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அதற்குத் தாக்குப்பிடிப்பது கஷ்டம், நம்முடைய ஓடைகளில் பங்குனி மாதத்துப் பத்து மணிக்குக் கை வைத்துப் பார்த்தாலே இளஞ்சூடாக இருக்கும். இலங்கையில் அது நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, மலை ஓடைகளில் விட்ட மீன் அது.

நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் அனுமதிச் சீட்டு எடுத்து ட்ரவுட் பிடிக்கப் பழகினேன். அங்கே சில ஓடைகள் ஒரு பாய்ச்சலில் தாண்டிவிடக்கூடிய அகலம்தான், முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம் என்கிற தெளிவு. அந்த மாதிரி இடத்தில் தூண்டில் எது, இரை எது, நூல் எவ்வளவு மெல்லிசு என்பதெல்லாம் பிறகுதான், மீனுக்குத் தெரியாமல் அதன் கிட்டப் போய்ச் சேருவதுதான் முழு வேலையும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம்முடைய படுவான்கரைக்கு மேற்கே இருக்கிற சின்ன ஓடைகளில் கெண்டைக்கும் விராலுக்கும் யாரும் இப்படி நடந்து போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. வலை வீசுவார்கள், கரப்புக் கூடையால் குத்திப் பிடிப்பார்கள், தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் குந்தியிருப்பார்கள். ட்ரவுட்டுக்குப் பழகின நடை இங்கே எடுபடுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

விடியற்காலை கல்லடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாற்றில் மச்சானை ஏற்றிக்கொண்டேன். மச்சான் மாடு வைத்திருக்கிறார், இந்தக் காட்டுப் பாதைகள் அவருக்கு மனப்பாடம். சாமான் அதிகம் இல்லை. ரீல் இல்லாத மெல்லிய மூங்கில் கம்பு இரண்டு, கம்பு நீளத்துக்கே தங்கூசி என்கிற நைலான் நூல், சின்ன முள், ஒரு டப்பாவில் ஈர மண்ணோடு மண்புழு. கம்புக்கு வார்னிஷ் பூசவில்லை. பளபளக்கிற கம்பு வெயிலில் மின்னினால் மீன் அதைப் பார்க்கும். மச்சான் வெள்ளைச் சேர்ட்டோடு வந்து நின்றார், திருப்பி அனுப்பி மண் நிறத்தில் ஒன்று போட்டுவரச் சொன்னேன்.

புல்லுமலையில் தங்கிய வீட்டுப் பெரியப்பா நாங்கள் போகிற இடத்தைக் கேட்டதும் முதலில் சொன்னது யானையைப் பற்றித்தான். “கதைச்சிக் கதைச்சிப் போங்க மனே. நீங்க வாறது ஆனைக்குத் தெரியணும். சத்தமில்லாமப் போய் கிட்டத்துல நிண்டா அது பயத்துல அடிச்சிப்போடும்.”

மச்சான் என்னைப் பார்த்தார். “மறுகா மீன் ஓடாதா?”

ஓடாது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் பிளேன்டீ ஆறும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் வருகிற சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே போகிறது. அதே மாதிரி உள்ளே இருக்கிற சத்தமும் வெளியே வராது. கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் இருந்து வருகிற பாடும் மீன் ஓசையைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையைக் காதோடு வைத்துக் கேட்பது அதனால்தான். ஆனால் கால் மிதி வேறு. கரை மண்ணில் குதிகால் விழுந்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கும், தண்ணீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். மீனுக்கு உள்காதும் இருக்கிறது, உடம்பின் இரண்டு பக்கத்திலும் செவுளில் இருந்து வால் வரை ஓடுகிற உணர்வுக் கோடும் இருக்கிறது. ஆக யானைக்காக வாயால் எவ்வளவு கதைத்தாலும் சரி, காலை மட்டும் பார்த்து வைக்க வேண்டும். நுவரெலியாவில் ட்ரவுட் பிடிக்கிறவர்கள் வாயையும் மூடிக்கொண்டு போவார்கள், அங்கே அந்தப் பழக்கத்தால் கெடுதல் இல்லை. இங்கே அப்படிப் போனால் உயிருக்கு ஆபத்து.

சனி, புல்லுமலைக்கு உள்ளே ஒரு ஓடை

ஓடையின் பெயரை எழுதப்போவதில்லை. சின்ன ஓடைக்கு ஒரு மாதம் ஆட்கள் தொடர்ந்து வந்தால் போதும், மீன் இருக்காது.

மாரி மழை ஓய்ந்து தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. மணல் அடி, இடையிடையே பாறை, இரண்டு கரையிலும் மருத மரம். மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற இடங்களில் மடு, அதற்குப் பிறகு கல் மேல் சலசலத்து ஓடுகிற ஆழமில்லாத துண்டு, பிறகு திரும்பவும் மடு. ட்ரவுட் ஓடையின் அமைப்பும் இதேதான்.

ஓடுகிற தண்ணீரில் மீன் தலையை நீர் வருகிற பக்கம் வைத்து நிற்கும், இரை அங்கிருந்துதான் மிதந்து வரும். அதனால் கீழே இருந்து மேலே நடக்க வேண்டும், மீனுக்குப் பின்னால் வருவோம். மீனின் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னால் ஒரு குறுகலான துண்டு மட்டும் அதற்குத் தெரியாது. ட்ரவுட் பிடிக்க வருகிற எல்லோருக்கும் முதல் பாடம் இது.

ஆனால் நம்முடைய பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஆறும் ஓடையும் பெரும்பாலும் மேற்கே மலையடியில் தொடங்கி கிழக்கே வாவிக்கும் கடலுக்கும் ஓடுகின்றன. ஓடையின் எதிர்த்திசையில் நடப்பது என்றால் மேற்கு நோக்கி நடப்பது. காலையில் வெயில் முதுகில், நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து நான் போய்ச் சேருவதற்கு முன்பே மீனின் மேல் போய்விடும். நுவரெலியாவில் ஓடைகள் எல்லாத் திசையிலும் வளைந்து ஓடுவதால் அங்கே அடுத்த வளைவுக்குப் போய்விட்டால் சரி. இங்கே மத்தியானம் திரும்பினபிறகு, வெயில் முகத்தில் அடிக்கும்போதுதான் நடக்க வேண்டும், நிழல் அப்போது பின்னால் விழும். அதுவும் நாலு மணிக்கு முன்பு காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், பிறகு யானை தண்ணீருக்கு இறங்கும் நேரம். ஆக மீனுக்கும் யானைக்கும் ஒத்துவருகிற நேரம் ஒரு இரண்டு மூன்று மணித்தியாலம்தான். காலையில் போயே ஆக வேண்டும் என்றால் மரத்து நிழல் தண்ணீரில் படுத்திருக்கிற கரையாகப் பார்த்துப் போக வேண்டும், நம்முடைய நிழல் அதற்குள் கலந்துவிடும். அசைகிற நிழல்தான் மீனை விரட்டும், நிற்கிற நிழல் அதற்குப் பழக்கமானது.

காலையில் அப்படித்தான் போனோம், மருத நிழலை ஒட்டி. சிவந்து போன ஒரு பெரிய வேருக்குக் கீழே நான் முழங்காலில் இருந்தபோது மூன்று கெண்டை தெரிந்தன. பெரியது ஒரு சாண் இருக்கும். முன் செட்டை இரண்டும் நிற்காமல் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கின்றன, வால் எப்போதாவது ஒரு தட்டு, உடம்பு இருந்த இடத்திலேயே. ஒரு காய்ந்த இலைத் துணுக்கு வந்தது, பெரியது ஒரு விரல் அளவு மேலே எழும்பி, வாய்க்குள் எடுத்து, உடனே துப்பிவிட்டு, பழைய இடத்துக்கே இறங்கியது. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் பக்கவாட்டில் நிற்கின்றன, முன் இடம் பெரியவருக்கு. ட்ரவுட் மடுவிலும் இதே ஒழுங்குதான், நல்ல இடம் பெரிய மீனுக்கு.

நான் எழுந்து நின்றிருந்தால் இவை எதுவும் தெரிந்திருக்காது. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கித் தெரிகிறது. ஒளி தண்ணீரில் வளைவதால் வருகிற விளைவு, ஜன்னலின் விரிவு ஏறக்குறைய 97 பாகை. ஒரு அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு மேற்பரப்பில் அந்த வட்டம் இரண்டேகால் அடி அகலம். அந்த வட்டத்தின் விளிம்பில், தரையோடு ஒட்டியிருக்கிற பொருட்கள் நசுங்கி மங்கித் தெரியும். கணக்குப் போட்டால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே பத்துப் பாகைக் கோணத்துக்குள் நம்முடைய தலை இருந்தால் மீன் நம்மைக் கவனிக்கிற வாய்ப்பு மிகவும் குறைவு. ஐந்தரை அடி ஆள் நின்றுகொண்டிருந்தால் அதற்கு 31 அடி தூரம் வேண்டும். முழங்காலில் நின்று மூன்று அடியாகிவிட்டால் 17 அடி போதும். கரை உயரமாக இருந்தால் அந்த உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், உயரமான கரையில் நின்று எட்டிப் பார்ப்பதைப் போல மோசமான வேலை வேறு இல்லை. பன்னிரண்டு அடிக் கம்பும் அதே அளவு தங்கூசியும் இருந்தால் 17 அடிக்குள் தாராளமாக எட்டும். மூங்கில் கம்பு போதும் என்று நான் நினைப்பது இந்தக் கணக்கால்தான்.

மணலில் நடப்பது நல்லது, மணல் அதிர்வைத் தின்றுவிடும். மடுவின் ஓரத்தில் உள்ளே குடைந்துபோன கரை இருந்தால் அதன் மேல் கால் வைக்கவே கூடாது, அந்தக் குடைவுக்குள்தான் மீன் நிற்கும், நம்முடைய கால் அதன் கூரை மேல். ஆடுகிற கல்லும் கூடாது. கல்லோடு கல் உரசுகிற சத்தம் அடுத்த மடு வரை போகும். ஒவ்வொரு அடியும் பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, பிறகு முழுப் பாதம், அதற்குப் பிறகுதான் உடம்புப் பாரம். இரண்டு அடி வைத்தால் ஒரு நிற்பு. மச்சானுக்கு முதல் அரை மணித்தியாலம் பொறுமை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைவிட நன்றாக நடந்தார், மாட்டுக்குப் பின்னால் நடந்து பழகின கால்.

கெண்டை நின்ற இடத்துக்கு நாலு அடி மேலே புழு விழ வேண்டும், தங்கூசி மீனின் மேல் விழவே கூடாது. உட்கார்ந்தபடியே கம்பை ஓங்காமல், புழுவை விரலால் பிடித்துக் கம்பை வளைத்து விட்டேன். நீரோடு மிதந்து வந்தது. பெரியது எடுக்கவில்லை, பின்னால் நின்ற நடுத்தரம் பாய்ந்து எடுத்தது. கைக்கு வந்தபிறகு அதைத் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, எனக்குக் கீழ்ப் பக்கம் விட்டேன். இதற்கும் காரணம் இருக்கிறது. கெண்டை இனத்தின் தோல் காயப்பட்டால் ஒரு இரசாயனம் தண்ணீரில் கலக்கும், அது மற்ற மீன்களுக்கு ஆபத்து அறிவிப்பு. விலங்கியலாளர் கார்ல் ஃபொன் ஃபிரிஷ் 1938இல் கண்டுபிடித்து எழுதியது. அந்த வாசனை நீரோடு கீழேதான் போகும். கீழிருந்து மேலே நடக்கிறவனுக்கு இன்னும் பார்க்காத மீன்களுக்கு அது எட்டாது. அதே மாதிரி மடுவின் முடிவில் நிற்கிற சின்ன மீனை முதலில் எடுக்க வேண்டும், அதை விட்டுவிட்டு நடு மடுவுக்கு எட்டினால் அது பயந்து மேலே ஓடி மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும்.

மத்தியானச் சாப்பாடு பாணும் பருப்பும். அதற்குப் பிறகு வெயில் முகத்தில் அடிக்க மேலே நடந்தோம், காலையைவிட இரண்டு மடங்கு கெண்டை எடுத்தன. வழி முழுவதும் மச்சான் போன வருடத்து வேளாண்மைக் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மீனும் அதற்காக அசையவில்லை.

ஞாயிறு, மகா ஓயா

பதுளை வீதியில் இன்னும் மேற்கே, அம்பாறை மாவட்டத்துக்குள். காலையில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தோம், ஒன்றுக்கு ஒன்று சூடு வேறு, ஒன்றில் கை வைக்கவே முடியவில்லை. கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

இன்றைக்கு விரால். வயலோரத்தில் ஓடுகிற ஒரு வாய்க்கால் மாதிரி ஓடை, நீர் ஓட்டம் ஏறக்குறைய இல்லை, கரையோரம் புல்லும் அல்லியும். இங்கே ட்ரவுட் பாடத்தில் பாதி பொருந்தாது, அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். விரால் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கிற மீன் இல்லை. புல்லுக்குள் எந்தப் பக்கமும் பார்த்தபடி கிடந்து, வருகிறதைப் பாய்ந்து பிடிக்கும். எனவே பின்னால் இருந்து போகலாம் என்ற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக விரால் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. அது காற்றை மூச்செடுக்கிற மீன், செவுளுக்கு மேலே அதற்கென்று ஒரு அறை இருக்கிறது, தண்ணீர் மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்காமல் அதனால் இருக்க முடியாது. அதனால் கரையில் இருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, வயல் வரப்பில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். அது எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டும்.

பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு அல்லி இலைக்கு அருகே தண்ணீர் மெல்ல வீங்கியது, கறுத்த மூக்கு ஒன்று வெளியே வந்தது, ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு குமிழி, வட்டம் விரிந்து கரையில் மோதியது. மச்சான் எழும்பப் பார்த்தார், தோளைப் பிடித்து இருத்தினேன். இப்போது அது கீழே போய்க் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கும் நேரம். அடுத்த தடவை மேலே வந்து, காற்றை விழுங்கித் திரும்புகிற அந்தக் கணத்தில்தான் நாம் நாலு அடி முன்னே போகலாம். அப்படி ஒவ்வொரு மூச்சுக்கும் நாலு அடி. நாங்கள் இருந்த இடத்தில் இருந்து தூண்டில் எட்டும் தூரத்துக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே ஆனது, கடைசித் துண்டு வயிற்றில் ஊர்ந்துதான். தண்ணீருக்குள் இறங்குவது பற்றி யோசிக்கவே கூடாது. நுவரெலியாவில் ஓடைக்குள் இறங்கி நடப்பதுதான் வழக்கம், இங்கே முதலை இருக்கிற தண்ணீர்.

புழுவை விராலுக்கு அந்தப் பக்கம் போட்டு, இலைகளுக்கு இடையில் மெல்ல இழுத்து அதன் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விட்டது, மூங்கில் பாதியாக வளைந்தது, பிறகு கைக்கு வந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். கறிக்கு எடுத்துக்கொண்டோம்.

இன்னும் கொஞ்சம் மேலே போனபோது தண்ணீர் மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புகை மாதிரி அசைந்தது. கிட்டப் பார்த்தால் விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றாகச் சேர்ந்து எழும்பி எழும்பி மூச்செடுக்கின்றன. அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும், இரண்டும் சேர்ந்துதான் காவல். அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், குஞ்சுக்கு நடுவில் எதைப் போட்டாலும் அது பாயும், பசிக்காக இல்லை, விரட்டுவதற்காக. இது தெரிந்தே இப்படிப் பிடிக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தாய் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை அன்றைக்கே மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும். ஒரு கறிக்காக ஒரு ஓடையின் அடுத்த வருடத்து விரால் முழுவதும் போகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்த வளைவுக்குப் போங்கள். நாங்கள் போனோம்.

திங்கள், இங்கினியாகலை வழியாக வீட்டுக்கு

இன்றைக்குத் தூண்டில் எடுக்கவில்லை. அம்பாறைக்கு இறங்கி இங்கினியாகலை அணைக்கட்டு வரை போனோம். பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டின சேனாநாயக்க சமுத்திரம், அதைச் சுற்றி 1954இல் அறிவித்த கல் ஓயா தேசிய பூங்கா. பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது, அது சரியான சட்டம், மேலே இருக்கிற ஓடைகளாவது தொல்லை இல்லாமல் இருக்கட்டும்.

அணைக்குக் கீழே ஒரு பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். திலாப்பியா கூட்டம் ஒன்று நடுவில் மிதந்தது, 1952இல் கொண்டுவந்து விட்ட மீன், இப்போது குளத்து மீன் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. பாலத்தில் ஒரு லொறி வந்தது. எங்களுக்கு அதன் சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு முன்பே, தூணுக்குப் பக்கத்தில் நின்ற மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பி ஆழத்துக்கு இறங்கிவிட்டன. லொறி போய் நாலைந்து நிமிடம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே தூண்டில் போடாதே, பத்து நிமிடம் சும்மா இரு என்று ட்ரவுட் பிடிக்கிறவர்கள் சொல்வது இதற்குத்தான். எவ்வளவு மெல்ல நடந்தாலும் ஏதோ ஒரு அதிர்வு போயிருக்கும், அது அடங்கி மீன் திரும்பவும் தன் இடத்துக்கு வர நேரம் கொடுக்க வேண்டும்.

மச்சான் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், காற்று அடிக்கும்போது எப்படி என்று. நல்ல கேள்வி. காற்றில் தண்ணீர் மேற்பரப்பு சுருங்கினால் அந்த வட்ட ஜன்னல் உடைந்து சிதறிப்போகும், மீனுக்கு வெளியே எதுவும் தெளிவாகத் தெரியாது. கரைப் புல்லும் அசைவதால் நம்முடைய அசைவு அதில் கலந்துவிடும். மலை ஓடைகளில் சலசலப்பான துண்டுகளில் ஆள் இன்னும் கிட்டப் போக முடிவதும் இதே காரணத்தால். நமக்கு வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று பகல் முழுவதும் அடிக்கும், அப்போது ஓடை வற்றி மடுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும், எல்லா மீனும் அதற்குள். வற்றின மடுவில் அளவோடு எடுத்துக்கொண்டு நிறுத்துகிறவர்கள் மட்டும் அந்தக் காலத்தில் போகலாம் என்பது என் கருத்து. மடு அடுத்த மாரி வரை அந்த ஓடையின் விதை மீனை வைத்திருக்கிற இடம்.

கல்முனை வழியாகக் கடற்கரை வீதியில் திரும்பினோம். மச்சானுக்கு அடுத்த கிழமை உறுகாமத்துக் குளத்துக்கு மேலே ஒரு ஓடை பார்க்க வேண்டுமாம், மாடு மேய்க்கப் போகும்போது மடுக்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஓடை தெற்கு வடக்காக ஓடுகிறதாம். அப்படியென்றால் காலை வெயில் பக்கவாட்டில் விழும், கிழக்குக் கரையை விட்டு மேற்குக் கரையில் நடந்தால் நிழல் தண்ணீரில் படாமல் காட்டுப் பக்கம் விழும், விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தொடங்கலாம். யானை நிற்கிறதா என்று முதல் நாள் ஊரில் விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.